போன மாத்தறதுக்கு முன்னாடி லைட்ட மாத்திப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல டெக்னாலஜி பக்கத்துல ராத்திரி போட்டோவுக்கு எந்த போன் வாங்கலாம்னு ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா முழுக்க முழுக்க மெகாபிக்சல் கணக்குலயே போயிடுச்சு, 50 இருந்தா பரவால்ல, 108 இருந்தா சூப்பர், 200 இருந்தா கேக்கவே வேணாம்ங்கற மாதிரி. நான் செல்போன் சர்வீஸ் வேலை பாக்கறவன். கேமரா போயிடுச்சு மாத்திக் குடுங்கன்னு போன நீட்டறவங்கள்ல நெறைய பேருக்கு கேமராவுல ஒரு கோளாறும் இருக்காது. மூஞ்சி மஞ்சளா விழுதுங்க, கருப்பு சட்டைல கலர் கலரா புள்ளி ஓடுதுங்க, படம் முழுக்க கோடு கோடா வருதுங்கன்னு காட்டுவாங்க, பாத்தா எல்லாமே பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் ரூமுக்குள்ளயோ மேடை முன்னாடியோ எடுத்ததா இருக்கும். அதே போன வெளிச்சத்துக்கு கொண்டுபோயி ஒரு படம் எடுத்துக் காட்டினா பளிச்சுன்னு இருக்கும். இது தெரியாம புது போனுக்கு காச கொட்டறாங்க, புது போன்லயும் அதே ரூம்ல அதே பல்புக்கு கீழ எடுத்துட்டு அதுவும் சரியில்லன்னு பொலம்பறாங்க. அதனாலதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

மொதல்ல சில்லறை விஷயத்த முடிச்சிடறேன். லென்ஸ துடைங்க. சொன்னா சிரிக்கறாங்க, ஆனா விரல் எண்ணெய் ஒரு லேயர் படிஞ்சிருந்தா பகல்ல பெருசா தெரியாது, ராத்திரி ஒவ்வொரு பல்பும் நீளமா வால் விட்டுக்கிட்டு படமே பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போயிடும். அடுத்தது லென்ஸ் மேல ஒட்டற அந்த எக்ஸ்ட்ரா கண்ணாடி, அத கழட்டிட்டு ஒருதரம் எடுத்துப் பாருங்க, லைட்டோட நிழல் மாதிரி இன்னொரு லைட் எங்கேயோ மெதக்கறதுக்கு பலதடவ அதுதான் காரணம். ஃபிளாஷ் போட்டா மட்டும் படம் வெளிறுதுன்னா பின்னாடி போட்டிருக்கற கவரோட விளிம்புல பட்டு வெளிச்சம் திரும்புதான்னு பாக்கணும். படம் மஞ்சளா இருக்குன்னு சொல்றவங்க மொதல்ல டிஸ்ப்ளேல கண்ணுக்கு இதமா வைக்கற அந்த நைட் லைட் ஆன்ல இருக்கான்னு பாருங்க, படம் சரியாவே இருக்கும், ஸ்க்ரீன்தான் மஞ்சளா இருக்கும். வாட்ஸ்அப்ல வந்த படத்த வெச்சு கேமராவ எடை போடாதீங்க, அது சுருக்கிதான் அனுப்பும், ஒரிஜினல் வேணும்னா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

இதெல்லாம் பாத்தாச்சு, இன்னும் படம் மோசமாதான் வருதுன்னா அப்பதான் நான் சொல்ல வந்த விஷயமே. கலர் மாறுறது ஒரு பிரச்சனை, புள்ளி புள்ளியா நாய்ஸ் வர்றது வேற பிரச்சனைன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. பெரும்பாலும் ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், சென்சாருக்கு, அதாவது கேமராவுக்குள்ள வெளிச்சத்த வாங்கி படமாக்கற சில்லுக்கு, தேவையான வெளிச்சம், தேவையான நிறத்துல, போய்ச் சேரல.

வெளிச்சம்ங்கறது ஃபோட்டான்னு சொல்ற குட்டி குட்டி துகளா வந்து விழற விஷயம், மழைத்துளி மாதிரி, பக்கத்து பக்கத்துல ரெண்டு டம்ளர் வெச்சா ரெண்டுலயும் ஒரே எண்ணிக்கைல துளி விழாது. சராசரியா 100 ஃபோட்டான் விழற எடத்துல 10 கூடக் கொறைய இருக்கும், அதாவது 10 சதவீதம் ஆட்டம். 10,000 விழுந்தா ஆட்டம் 100தான், வெறும் 1 சதவீதம். அந்த ஆட்டம்தான் நம்ம கண்ணுக்கு புள்ளியா தெரியுது. வெளிச்சம் கொறைஞ்சா நாய்ஸ் கூடறது இயற்கை, எந்த கம்பெனி செஞ்சாலும் தப்பிக்க முடியாது. ஐஎஸ்ஓங்கற கேமரா செட்டிங்க ஏத்தினா வெளிச்சம் கூடுதுன்னு நெனைக்கறதும் தப்பு, வந்த கொஞ்சத்த சத்தமா ஆக்குது அவ்ளோதான், ஆட்டமும் சேந்தே பெருசாகும்.

இப்ப கலருக்கு வாங்க. பெரும்பாலான போன் சென்சார் மேல சிவப்பு பச்சை நீலம்னு குட்டி குட்டி ஃபில்டர் கட்டம் கட்டமா இருக்கும், கோடாக்ல வேலை பாத்த பிரைஸ் பேயர் கண்டுபிடிச்சது, 1976ல பேட்டன்ட் ஆச்சு, இன்னிக்கி வரைக்கும் அதோட வம்சம்தான் ஓடிக்கிட்டிருக்கு. அதுல பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். வெளிச்சத்தோட நிறத்த கெல்வின்ங்கற அளவுல சொல்வாங்க, நம்பர் கொறைய கொறைய மஞ்சள் கூடும். குண்டு பல்பு வெளிச்சம் கிட்டத்தட்ட 2,700 கெல்வின், அதுல சிவப்பு அள்ளிக் கொட்டும், நீலம் ரொம்ப கம்மி. பகல் வெளிச்சம் 5,500 பக்கம், அதுல எல்லாம் ஓரளவு சமமா இருக்கும். குண்டு பல்புக்கு கீழ வெள்ளைச் சட்டைய வெள்ளையா காட்டணும்னா போன் என்ன பண்ணும், இல்லாத நீலத்த பிடிச்சு பலமடங்கு ஏத்தும். அப்படி ஏத்தும்போது நீலத்தோட நாய்ஸும் அதே அளவு ஏறி வரும். இருட்டான மூலைலயும் கருப்பு முடிலயும் நீலமும் ஊதாவுமா திட்டு திட்டா தெரியுதே, அது இதுதான். கலர சரி பண்ணப் போயி நாய்ஸ வாங்கிட்டு வருது. அதனால மஞ்சப் பல்பு ரூம்ல வெள்ளைய அப்படியே பால் வெள்ளையா கொண்டுவரணும்னு அடம் பிடிக்காதீங்க, கொஞ்சம் மஞ்சளா விட்டாதான் படம் சுத்தமாவும் இருக்கும், பாக்கவும் வீடு மாதிரி இருக்கும். செட்டிங்க நாமளே கைல மாத்தற ப்ரோ மோடுல, வெள்ளைய வெள்ளையா காட்டறதுக்கான ஒயிட் பேலன்ஸ 3,200 இல்லன்னா 3,500ல வெச்சு பாருங்க. ஆட்டோல விட்டா ஒரு படம் மஞ்சள் ஒரு படம் நீலம்னு தாவிக்கிட்டே இருக்கும், ஒரே எடத்துல நெறைய எடுக்கும்போது நம்பர லாக் பண்ணிட்டா அந்த தலைவலி இல்ல.

ஜன்னல்ல இருந்து பகல் வெளிச்சம், மேல மஞ்சப் பல்பு, ரெண்டும் சேந்து ஒரே மூஞ்சில விழுதுன்னா எந்த செட்டிங்கும் காப்பாத்தாது. ஒரு கன்னத்துக்கு சரி பண்ணினா இன்னொண்ணு கெடும். பல்ப அணைச்சிட்டு ஆள ஜன்னல் பக்கம் திருப்பி உக்கார வைங்க, வேலை முடிஞ்சுது. இந்த ஒத்த காரியம் எந்த ஆப்பும் பண்ண முடியாதத பண்ணும். மொத்தமா வெளிச்சம் கொறையுமேன்னு கவலப்படாதீங்க, கொஞ்சம் கம்மியா இருந்தாலும் ஒரே நிறமா இருக்கறதுதான் மேல்.

சில லைட்டுல கலர தேடறதே வீண். பழைய ஆரஞ்சு தெருவிளக்கு இருக்கே, சோடியம் லைட், அதுல லோ பிரஷர் வகை 589 நானோமீட்டர் அலைநீளத்துக்கு பக்கத்துல கிட்டத்தட்ட ஒரே நிறம்தான் விடும். பச்சைப் புடவையோ நீலப் புடவையோ அந்த வெளிச்சத்துல திரும்பி வர்றது ஆரஞ்சோட ஏத்த எறக்கம் மட்டும்தான், சென்சாருக்கு வராத நிறத்த சாஃப்ட்வேர் எங்க போயி எடுக்கும். ஹை பிரஷர் வகை கொஞ்சம் பரவால்ல, கொஞ்சம்தான். அங்கல்லாம் பேசாம கருப்பு வெள்ளைக்கு மாத்திடுங்க, அருமையா வரும். மேடைல அடிக்கற நீல எல்இடி இதுக்கு நேர் எதிர், நீலம் மட்டும் வழிஞ்சு ஓடும், சிவப்பும் பச்சையும் பட்டினி, மூஞ்சில மூக்கு கண்ணு ஒண்ணும் தெரியாம நீலக் களிமண் ஒட்டின மாதிரி ஆயிடும். அப்ப மூஞ்சிய தொட்டு அந்த சூரியன் குறிய கீழ இழுத்து எக்ஸ்போஷர கொறைங்க, இல்லன்னா லைட் வெள்ளையா மாறுற வரைக்கும் காத்திருங்க, மேடை லைட் எப்படியும் மாறிக்கிட்டேதான் இருக்கும். எக்ஸ்போஷர் கொறைச்சா இருட்டாகுதேன்னு கேக்கறாங்க. இருட்ட அப்புறம் எடிட்ல ஓரளவு தூக்கலாம், வழிஞ்சு போன நிறம் போனதுதான்.

கோடு கோடா வர்றது நாய்ஸ் இல்ல. கரண்ட்ல எரியற பல லைட்டு நம்ம கண்ணுக்குத் தெரியாம துடிச்சுக்கிட்டே இருக்கு, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள நாட்டுல செகண்டுக்கு 100 தடவ, 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவ. போன் சென்சார் படத்த மேல இருந்து கீழ வரி வரியா படிக்கறதால துடிப்பு பட்டையா பதிஞ்சிடுது. 50 ஹெர்ட்ஸ் எடத்துல ஷட்டர, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கற நேரத்த, 1/50 இல்லன்னா 1/100 செகண்டுல வைங்க, 60ன்னா 1/60 இல்லன்னா 1/120. சில போன் செட்டிங்ஸ்ல ஃப்ளிக்கர் கொறைக்கற ஆப்ஷனே இருக்கு. மட்டமான டிரைவர் (பல்புக்குள்ள கரண்ட்ட சீராக்கற சர்க்யூட்) போட்ட எல்இடி சிலது வேற வேகத்துல துடிக்கும், அதுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, ஷட்டர மாத்தி மாத்தி பாக்க வேண்டியதுதான், இல்ல அந்த லைட்ட அணைக்கலாம்.

இனி அந்த மெகாபிக்சல். சென்சாரோட சைஸ் மாறாம அதுக்குள்ள பிக்சல் எண்ணிக்கைய மட்டும் ஏத்தினா ஒவ்வொரு பிக்சலுக்கும் பங்கு கொறையும். அது கம்பெனிக்கும் தெரியும், அதனாலதான் 48 மெகாபிக்சல் போன் நாலு நாலா சேத்து 12 மெகாபிக்சல் படம் குடுக்குது, 200 உள்ளது பதினாறு பதினாறா சேத்து 12.5 குடுக்குது. நீங்க ராத்திரில போயி அந்த முழு 200 மோட ஆன் பண்ணி எடுத்தா நீங்களே வலிய போயி நாய்ஸ கூப்பிட்டுக்கறீங்க. கட்டுரைல இத ஒரு வரி சொல்லியிருந்தா எவ்வளவோ புண்ணியம். பாக்க வேண்டியது சென்சார் சைஸும் லென்ஸோட எஃப் நம்பரும்தான், அந்த நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகமா உள்ள வரும். எஃப் 1.8க்கும் எஃப் 2.8க்கும் நடுவுல வெளிச்சம் ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். மெயின் கேமரா எஃப் 1.8 வெச்சிருக்கற பல போன்ல தூரத்து லென்ஸுக்கும் அகல லென்ஸுக்கும் எஃப் நம்பர் பெருசு, அதாவது வெளிச்சம் கம்மி, சென்சாரும் சின்னது. அதனால இருட்டுல ஜூம் பண்ணினா பல போன் தூரத்து லென்ஸ விட்டுட்டு மெயின் கேமரா படத்தையே வெட்டி பெருசாக்கி குடுக்கும், ஸ்க்ரீன்ல 3எக்ஸ்னுதான் போட்டிருக்கும். சந்தேகமா இருந்தா அந்த லென்ஸ விரலால மூடுங்க, ஸ்க்ரீன் இருட்டாகலன்னா வேல பாக்கறது அது இல்ல. நாலு எட்டு முன்னாடி நடந்து போயி மெயின் கேமராலயே எடுங்க.

நைட் மோடு நெசமாவே நல்ல விஷயம், 2018ல கூகுள் பிக்சல்ல நைட் சைட்னு வந்துச்சு, 2019ல ஐபோன் 11ல வந்துச்சு, இப்ப எல்லார்கிட்டயும் இருக்கு. ஒரே படத்துக்கு பதிலா பல படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா சேக்குது. 16 படம் சேத்தா நாய்ஸ் கால்வாசியா கொறையும், 4 படம்னா பாதியாகும். ஆனா ஓடற கொழந்தைக்கு அது உதவாது, கைய எங்கயாவது முட்டுக் குடுத்து அசையாம எடுக்கற காட்சிக்குதான். வீடியோவுக்கும் ஒரு வார்த்த, இருட்டுல செகண்டுக்கு 60 ஃப்ரேம் வெக்காதீங்க, 30ல வெச்சா ஒரு ஃப்ரேமுக்கு ரெண்டு மடங்கு நேரம் வெளிச்சம் கிடைக்கும்.

எனக்கு கோவம் வர்ற எடம் வேற. நாய்ஸ மறைக்கறேன்னு போன் மூஞ்சிய மெழுகு பூசி விடுது, தலமுடி தார் ஊத்தின மாதிரி ஆகுது, பாட்டி மூஞ்சில ஒரு சுருக்கம் கூட மிஞ்சல. கூடவே ப்யூட்டி ஃபில்டர் நம்மள கேக்காமலே ஆன்ல இருந்து கருத்த தோல வெளுத்து விடுது, யாரு கேட்டா இத? இருக்கற தோல் நெறத்த இருக்கற மாதிரி காட்டணும்னு கூகுள் 2021ல ரியல் டோன்னு ஒண்ணு கொண்டுவந்துச்சு, அவ்ளோ வருஷம் கழிச்சுதான் அது ஞாபகம் வந்திருக்கு. உங்க போன்ல ப்யூட்டி, காட்சிய பாத்து கலர தானா மாத்தற சீன் ஆப்டிமைசர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு ஒருதரம் எடுங்க. ரா (RAW) ஃபைல், அதாவது போன் மெருகேத்தாத பச்சைப் படம், எடுக்க முடிஞ்சா எடுத்து வைங்க, அதுல ஒயிட் பேலன்ஸ அப்புறம் எப்ப வேணா மாத்திக்கலாம், மெழுகும் இருக்காது, புள்ளி நெறைய தெரியும் ஆனா அது மறைக்காத புள்ளி. கொஞ்சம் புள்ளியோட இருக்கற மூஞ்சிதான் எனக்கு பிடிக்கும், மத்தவங்க எப்படியோ.

நெசமாவே கேமரா கெட்டுப்போச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? பகல் வெளிச்சத்துல ஒரு வெள்ளைப் பேப்பர எடுங்க. அங்கயும் நடுவுல பிங்க் ஓரத்துல பச்சைன்னு திட்டு விழுந்தாலோ எல்லா படத்துலயும் அதே எடத்துல அதே புள்ளி உக்காந்திருந்தாலோ சந்தேகப்படலாம். வேற கேமரா ஆப்ல எடுத்தா போயிடுதுன்னா சாஃப்ட்வேர், போகலன்னா அப்ப கொண்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம். போன் கைல பிடிக்க முடியாத சூட்டுல இருக்கும்போது மட்டும் இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, சூட்டுலயும் நாய்ஸ் ஏறும்.

கடைசியா உங்க பேப்பருக்கு ஒரு கோரிக்கை. அந்த கட்டுரைல நாலு போன்ல எடுத்த ராத்திரி படம்னு நாலு குட்டிப் படம் போட்டிருந்தீங்க. படத்த அவ்ளோ சின்னதா சுருக்கும்போதே பக்கத்து பக்கத்து பிக்சல் சேந்து நாய்ஸ் தானா கரைஞ்சிடும், நியூஸ் பேப்பர் மசில மிச்ச கலரும் போயிடும், அதுல எந்த போனும் நல்லாதான் தெரியும். அதுக்கு பதிலா ஒரே எடத்துல எடுத்த படத்துல இருந்து ஒரு கண்ணளவு துண்ட வெட்டி பெருசா போடுங்க, கீழ எந்த லைட்டுக்கு கீழ எடுத்தது, எந்த லென்ஸு, நைட் மோடு ஆன்ல இருந்துச்சா இல்லயான்னு ஒரு வரி போடுங்க. ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவா கைல வெச்சதான்னும் போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்க பேப்பர தெனமும் படிக்கற ஒரு செல்போன் மெக்கானிக்