ஐந்து வேலைநாள்

பேர்ண்,
2025 கார்த்திகை

அன்பின் சிவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து திரும்பவும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பது நல்ல செய்தி. இங்கே குளிர் வந்துவிட்டது, பனி இன்னும் விழவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். "ஒரு கோடிக்கு மேல் சனம் வேண்டாமென்று சுவிஸில் வாக்கெடுக்கப் போகிறார்களாமே, அது வென்றால் எங்கடை ஆட்களை ஏற்றி அனுப்பிவிடுவார்களா?" அனுப்ப மாட்டார்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னதாகும். இப்போதையதைக் கொண்டுவந்த எஸ்.வி.பி என்ற வலதுசாரிக் கட்சியே முன்பு கொண்டுவந்த இதே மாதிரி ஒன்று 2014இல் வென்றது. வென்ற பிறகு அது என்ன ஆனது என்று தெரிந்தால்தான் இப்போது எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் முறை. பதினெட்டு மாதத்துக்குள் ஒரு லட்சம் கையொப்பம் சேர்த்தால் அரசியலமைப்பையே திருத்தும்படி யாரும் கேட்கலாம். வாக்குரிமை உள்ளவர்களுக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்பே வீட்டுக்குத் தபாலில் கடித உறை வந்துவிடும். உள்ளே வாக்குச்சீட்டு, வாக்குரிமை அட்டை, அரசாங்கத்தின் விளக்கப் புத்தகம். சீட்டில் ஆம் அல்லது இல்லை என்று எழுதிச் சின்ன உறைக்குள் போட்டு, அட்டையில் கையொப்பமிட்டு, எல்லாவற்றையும் பெரிய உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். கையொப்பம் மறந்தால் வாக்குச் செல்லாது. அப்படி வீணாகும் உறைகள் ஒவ்வொரு முறையும் இருக்கும். 2014இல் இருபதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஒரு நாட்டின் போக்கு மாறிய பிறகு இதைச் சின்ன விசயம் என்று சொல்ல முடியாது. வெல்வதற்கு மொத்த வாக்கிலும் பெரும்பான்மை வேண்டும், மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும்.

2014 பெப்ரவரி 9. "பெருந்தொகைக் குடிவரவுக்கு எதிராக" என்பது முன்மொழிவின் பெயர். எஸ்.வி.பி கட்சி கொண்டுவந்தது. ஆம் 50.3 விழுக்காடு. சுவரொட்டியில் ஓர் அப்பிள் மரம், அதன் வேர்கள் சுவிஸ் வரைபடத்தைப் பிளந்துகொண்டு இறங்கும். வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தரப்பும் அப்பிள் மரத்தைத்தான் போட்டது. ஐரோப்பிய ஒப்பந்தங்கள் காய்த்துக் குலுங்கும் மரம், அதை வெட்டாதே என்று. இரண்டு பக்கமும் ஒரே மரத்தடியில் நின்று சண்டை பிடித்தது.

யார் ஆம் சொன்னார்கள் என்று வரைபடத்தில் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஜெனீவாவில் பத்துப் பேரில் நாலு பேர் வெளிநாட்டவர். அங்கே இல்லை. பாசல் நகரம் இல்லை. வெளிநாட்டவர் குறைவாக உள்ள அப்பென்சல் உள்மாநிலத்தில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஆம். பேர்ண் மாநிலம் மயிரிழையில் ஆம், பேர்ண் நகரமோ பெருவாரியாக இல்லை. பக்கத்துக் கதவைத் தட்டி உப்புக் கேட்கும் வெளிநாட்டவனைவிட, தொலைக்காட்சியில் வரும் வெளிநாட்டவன்தான் கூடப் பயமுறுத்துகிறான்.

ஆனால் இந்த விளக்கத்தோடு திருப்திப்பட்டு உட்கார விடாத ஓர் இடம் உண்டு. டிச்சினோ. இத்தாலி எல்லையோரம், வெளிநாட்டவர் நிறைய, ஆனாலும் 68 விழுக்காடு ஆம். நாட்டிலேயே அதிகம். அந்த நாட்களில் தினமும் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் காலையில் எல்லை தாண்டி வேலைக்கு வந்து மாலையில் இத்தாலிக்குத் திரும்பினார்கள். வீட்டு வாடகை இத்தாலி விலையில், சம்பளம் பிராங்கில். சுவிஸ் சம்பளத்தைவிடக் குறைத்துக் கொடுத்தாலும் அவர்களுக்கு இலாபம், முதலாளிக்கும் இலாபம். டிச்சினோவின் லுகானோ நகரில் வாடகை கட்டும் கணக்காளருக்கு மட்டும் நட்டம். அந்த மனிதரை இனவாதி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். அவருக்கு வேண்டியிருந்தது சம்பளத்துக்கு ஓர் அடித்தளம், கிடைத்த சீட்டில் இருந்ததோ வெளிநாட்டவர் என்ற சொல் மட்டும். பின்னாளில் டிச்சினோ தானே குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைக் கொண்டுவந்தது, 2021இல் நடைமுறைக்கு வந்தது. முறைப்பாட்டுக்கு நேரான மருந்து அதுதான்.

சரி, வென்றது. பிறகு? அரசியலமைப்பில் 121அ என்று ஒரு பிரிவு ஏறியது. ஆண்டுதோறும் ஆட்தொகைக்கு உச்சவரம்பு, அதற்குள் அகதிகளும் எல்லை தாண்டி வேலைக்கு வருவோரும் அடக்கம், வேலையில் உள்நாட்டவருக்கு முதலிடம், மூன்று ஆண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். முட்டுக்கட்டை ஐரோப்பிய ஒன்றியத்தோடு 1999இல் போட்ட ஏழு ஒப்பந்தங்கள். ஆட்கள் தடையின்றிப் போய்வரும் ஒப்பந்தம் அதில் ஒன்று. ஒன்றை முறித்தால் ஆறு மாதத்தில் ஏழும் விழும். இங்கே இதைக் கில்லட்டின், அதாவது தலைவெட்டும் கருவி, பிரிவு என்றே சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்த குரோவாசியாவுக்கு இந்த ஒப்பந்தத்தை நீட்டிக் கையொப்பமிட சுவிஸ் மறுத்தது. உடனே ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்திலிருந்து சுவிஸ் வெளியே நின்றது, ஆராய்ச்சித் திட்டத்திலும் பாதிக் கதவுதான் திறந்தது. வாக்கெடுப்பு வெளிநாட்டவரைப் பற்றியது, முதல் அடி விழுந்தது சுவிஸ் மாணவர்களுக்கு.

2016 டிசம்பர் 16இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. உச்சவரம்பு இல்லை, ஒதுக்கீட்டுத் தொகையும் இல்லை. வேலையில்லாதோர் அதிகமுள்ள தொழில்களில் வேலைக்கு ஆள் தேடும் முதலாளி, அதை முதலில் அரச வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். நம்மவர்கள் 'ராவ்' என்று சொல்லும் அலுவலகம். அறிவித்த பின் ஐந்து வேலைநாள் அந்த இடம் அங்கே பதிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அலுவலகம் மூன்று வேலைநாளுக்குள் பொருத்தமானவர்களின் விவரத்தை அனுப்பும். ஐந்து நாள் கழிந்தால்தான் வெளியே விளம்பரம். 2018 ஜூலையில் தொடங்கும்போது 8 விழுக்காட்டுக்கு மேல் வேலையின்மை உள்ள தொழில்களுக்கு மட்டும், 2020 முதல் 5 விழுக்காடு. வேண்டுமென்றே அறிவிக்காவிட்டால் 40,000 பிராங்க் வரை தண்டம்.

இதில்தான் நான் சிரித்த இடம் இருக்கிறது. ராவில் பதிந்தவர் யார்? சுவிஸ் பிரஜை மட்டுமல்ல. வதிவிட அனுமதியான பி விசா, நிரந்தர வதிவிட அனுமதியான சி விசா வைத்து வேலை இழந்தவர் எல்லாரும். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி, கடை மூடியதால் வேலை போன தமிழருக்கும் அந்த ஐந்து நாள் முன்னுரிமை உண்டு. குடிவரவை நிறுத்தச் சொல்லி விழுந்த வாக்கு, முன்பே குடிவந்தவருக்கு ஐந்து நாள் முன்சலுகையாக வந்து சேர்ந்தது. எஸ்.வி.பி இதை மக்களின் விருப்பத்துக்குத் துரோகம் என்றது. அவர்கள் நிலையில் நின்று பார்த்தால் அது பொய்யில்லை, சட்டத்துக்கும் பிரிவின் வார்த்தைக்கும் நடுவில் ஆறு ஓடுகிறது. ஆனால் ஒப்பந்தத்தை முறிப்பதா என்று 2020 செப்டம்பர் 27இல் நேராகவே கேட்டபோது 61.7 விழுக்காடு இல்லை என்றது. சனம் இரண்டையும் விரும்புகிறது: குடிவரவு குறைய வேண்டும், ஒப்பந்தமும் இருக்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

இனி நீ 'சகிப்புத்தன்மை' என்று எழுதிய சொல்லுக்கு வருகிறேன். லூட்சேர்ன் பக்கம் எம்மென் என்று ஓர் ஊர். 2000 மார்ச்சில் அங்கே பிரஜாவுரிமை கேட்டவர்களை ஊரார் வாக்குப் பெட்டியில் தீர்மானித்தார்கள். ஆட்களின் விவரம் வீடு வீடாகப் போனது, ஒவ்வொருவருக்கும் ஆம், இல்லை. இத்தாலியர் தேறினார்கள், முன்னாள் யூகோஸ்லாவியாக்காரர் விழுந்தார்கள். முப்பது ஆண்டுக்கு முன் அந்த இத்தாலியர்தான் வேண்டாதவர். 1970இல் வெளிநாட்டவரை மாநிலத்துக்குப் பத்து விழுக்காடாகக் குறைக்கச் சொன்ன ஷ்வார்ட்சன்பாக் முன்மொழிவு அவர்களைக் குறிவைத்தது. 54 விழுக்காடு இல்லை என்றதால் தப்பினார்கள், பெண்களுக்கு அப்போது வாக்கே இல்லை. பருவகால வேலைக்காரனாக ஒன்பது மாத விசாவில் வந்த இத்தாலியன் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. கூட்டிவந்தவர்கள் பிள்ளைகளை அறைக்குள்ளேயே சத்தமில்லாமல் ஒளித்து வளர்த்தார்கள். அந்தத் தலைமுறையைத்தான் எம்மென் 'நல்ல வெளிநாட்டவர்' என்று தேர்ந்தெடுத்தது.

2003இல் உச்ச நீதிமன்றம் இந்த வாக்குப் பெட்டி முறையை அரசியலமைப்புக்கு முரண் என்றது. காரணம் எளிமையானது. ஒருவரின் விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும், வாக்குப் பெட்டி காரணம் சொல்லாது. சகிப்புத்தன்மையைப் பற்றி இந்நாட்டில் எழுதப்பட்ட மிக உருப்படியான வரி இதுதான் என்று நான் நினைக்கிறேன், அன்பு பாராட்டு என்று அது யாரையும் கேட்கவில்லை.

நம்மவரும் இந்த வரிசையில் நின்றவர்கள்தான். 1980களில் பேர்ண் ரயில் நிலையத்தில் தோல் ஜாக்கெட் போட்ட தமிழன் என்றால் பத்திரிகைக்குப் போதைத்தூள் விற்பவன். இப்போது உழைப்பாளி, அமைதியானவன். ஆம் என்று வாக்களித்தவர் வேலையிடத்தில் நம்மிடம் வந்து "உங்களைச் சொல்லவில்லை" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டு நம்மில் சிலர் குளிர்ந்துபோகிறார்கள். சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்த பிறகு ஆம் போட்டவர்களும் உண்டு. ஏறிய ஏணியை எட்டி உதைப்பது.

கோபுர விசயமும் அப்படித்தான். ஓல்ரன் நகரத்தின் பக்கத்தில் வாங்கன் என்ற ஊரில் ஆறு மீற்றர் பள்ளிவாசல் கோபுரத்தில் தொடங்கிய வழக்கு, 2009 நவம்பரில் 57.5 விழுக்காட்டோடு மினாரெட் தடையாக அரசியலமைப்பில் ஏறியது. அதே ஓல்ரனின் இன்னொரு பக்கம் திரிம்பாக்கில் 2013இல் மனோன்மணி அம்பாள் ஆலயம் குடமுழுக்குக் கண்டது, நம்மூர்ச் சிற்பவேலையோடு. தடையில் உள்ள சொல் மினாரெட், கோபுரம் இல்லை. அம்பாளின் அருள் என்று சொல்வோரும் உண்டு, எனக்கு அது சொல்லகராதியின் அருளாகத் தெரிகிறது.

இப்போதைய முன்மொழிவு 2024 ஏப்ரலில் கையளிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு வாக்குக்கு வரவிருக்கிறது. நிரந்தரமாக வசிப்போர் தொகை 2050க்கு முன் ஒரு கோடியைத் தாண்டக் கூடாது. 95 லட்சத்தைத் தாண்டினாலே அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், அதிலும் குறிப்பாக அகதிகள் விசயத்திலும் குடும்பத்தை அழைப்பதிலும். அந்த அளவைத் தாண்டிய பிறகு தற்காலிக அனுமதி பெற்றவர்களுக்கு, அதாவது எஃப் விசாக்காரருக்கு, வதிவிட உரிமையோ பிரஜாவுரிமையோ கொடுக்கக் கூடாது. ஒரு கோடி தாண்டி இரண்டு ஆண்டாகியும் குறையாவிட்டால் ஆட்கள் தடையின்றிப் போய்வரும் ஐரோப்பிய ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும். சனத்தொகை ஏற்கெனவே 90 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2000இல் 72 லட்சம்.

ரயிலில் நிற்க இடமில்லை, வீடு கிடைக்கவில்லை என்று இங்கே ஒருவர் சொன்னால் அது கற்பனை இல்லை. காலியாக உள்ள வீடுகள் நூற்றுக்கு ஒன்று அளவில்தான். அதை மறுத்துப் பேசினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒத்துக்கொண்டு, பத்து மருத்துவரில் நாலு பேர் வெளிநாட்டில் படித்தவர், யாரைக் குறைப்பது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். எல்லாரும் அல்ல.

ஆகவே, சி விசாக்காரரும் பிரஜைகளும் தங்கள் வதிவிடத்தை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. உன் மருமகன் எஃப் விசாவில் இருப்பதாக எழுதியிருந்தாய், உன் கேள்வியின் உண்மையான பாரம் அவன்மேல்தான். ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் பி விசாவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். வாக்கெடுப்பைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் இப்போதே போடச் சொல். சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், மொழிச் சான்றிதழ், கடன் பதிவகத்திலிருந்து நிலுவை இல்லை என்ற பத்திரம், குற்றப்பதிவுச் சான்று. பலருக்கு விண்ணப்பம் சிக்குவது கடன் பதிவில்தான், கட்ட மறந்த காப்புறுதிக் கட்டணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். முதலில் அதைத் துடைத்துவிட்டு மற்றப் பத்திரங்களை எடுக்கச் சொல். நிரப்புவதில் சந்தேகம் இருந்தால் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடு.

பங்கஜத்துக்கு என் அன்பைச் சொல். பதில் எழுது.

உன்
ரவி