அட்மிரல் என்று பெயர் வைத்த சித்தப்பாவுக்கு

சித்தப்பா,

நம் மீன்பிடி வல்லத்தில் என் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். யாருக்கு, ஏன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கடன் விஷயம் இங்கே வேண்டாம். ஊர்க்காரர்கள் படிப்பார்கள், துபாயில் இருக்கிற நம் பையன்கள் படித்துவிட்டு உடனே சித்திக்குப் போன் போடுவார்கள்.

எனக்கு அந்த ராத்திரியைப் பற்றித்தான் பேச வேண்டும். பாம்பனுக்குத் தெற்கே, கச்சான் காற்று வீசின ராத்திரி. டீசல் புகையும் சூடை மீன் நாற்றமும் சேர்ந்து குடலைப் புரட்ட, வல்லத்தின் முன்பக்கம் அணியத்தில் குப்புறக் கிடந்தேன். கடலில் விழுந்துவிடாமல் ஒரு கையால் என் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஆட்டி நெப்போலியன் கதை சொன்னீர்கள்.

முயல் வேட்டைக்கு ஏற்பாடு செய்த பெர்த்தியே என்ற நெப்போலியனின் தளபதி, காட்டு முயலுக்குப் பதில் வளர்ப்பு முயலை வாங்கி விட்டுவிட்டாராம். அதுகளுக்கு மனுஷனைக் கண்டால் தீனி ஞாபகம்தானே? ஓடி ஒளிய வேண்டிய முயலெல்லாம் சக்கரவர்த்தியைப் பார்த்து ஓடி வந்திருக்கிறது. கால் இடுக்கில் புகுந்து, மேலே தாவி, கடைசியில் அவர் வண்டிக்குள் ஏறித் தப்பினால் அங்கேயும் குதித்ததாம். அவர் படையில் இருந்த தீபோ என்ற தளபதி எழுதிவைத்த கதை. அவரே கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார். நீங்கள் விடுவீர்களா? உங்கள் கதையில் ஒரு முயல் நெப்போலியன் தொப்பிக்குள் குட்டியே போட்டது. பித்தம் கசக்கிற வாயோடு சிரித்தேன், சித்தப்பா. அப்பா போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விடிந்து கரைக்கு வந்ததும் என்ன செய்தீர்கள்? டீக்கடையில் ஏலக்காரர், ஐஸ் வண்டிக்காரர் எல்லார் முன்னாலும் நான் ஓங்கரித்ததை அப்படியே நடித்துக் காட்டினீர்கள். "அட்மிரல் வர்றாருடா, பெஞ்சைத் துடை!" ஒட்டிக்கொண்டது பெயர். பெண் பார்க்கப் போன வீட்டுக்குக்கூட எனக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது.

சீசர் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கும்போது இடறி விழுந்தார். "ஆப்பிரிக்கா, உன்னைப் பிடித்துவிட்டேன்" என்று ஒரே வார்த்தையில் அதை நல்ல சகுனமாக்கிவிட்டார் என்று சுவெத்தோனியஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். இதுவும் நீங்கள் சொன்னதுதான். பின்னால் படை நின்றால் விழுவதும் சகுனம். எனக்குப் பின்னால் நின்றது நீங்கள். முதலில் சிரித்ததும் நீங்கள்.

அப்புறம், ரொம்ப நாள் கழித்து, இங்கிலாந்துக் கடற்படையின் நிஜ அட்மிரல் நெல்சனைப் பற்றிப் படித்தேன். 12 வயதில் கப்பலேறிய மனுஷனுக்குக் கடைசிவரை கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை! காற்று பலமாக அடித்தாலே உடம்பு கெட்டுவிடுகிறது, தொழில் மேல் இருக்கிற பிரியத்தில்தான் கடலில் கிடக்கிறேன் என்று 1804-ல் கடிதமே எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம்தான் டிராஃபல்கர் கடற்போர் வெற்றி. லண்டனில் தூண் வைத்து, மேலே ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள்.

இது உங்களுக்கு அப்போதே தெரியுமா? முயல் கதை தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்தீர்கள் என்றால், ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதே டீக்கடையில் அதையும் சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் இத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன். தெரியாமல் வைத்தீர்கள் என்றால் சரி, விடுங்கள்.

பங்கை விற்றதற்கு என் மேல் கோபப்படுங்கள். அப்பா வாங்கிய வல்லம், உங்களுக்கு உரிமை உண்டு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்கிறேன். ஆனால் "அவனுக்குக் கடல் ஆகாது, அதான் வித்துட்டான்" என்று மட்டும் சொல்லித் திரியாதீர்கள். ஆகாத உடம்போடுதான் இத்தனை வருஷம் உங்களோடு வந்தேன்.

புதுசாய்ப் பங்குக்கு வருகிறவரிடம் இஞ்சின் புகை விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. இப்போது அவரும் படித்திருப்பார்.