சாண எரிவாயுக் கலனில் உலோக உப்பு இடுமுன்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தெருவில் திரியும் மாடுகளைத் தொழுவங்களில் வைத்துப் பராமரிக்கத் தொடங்கினால், அங்கே நாள்தோறும் சேரும் சாணத்துக்கும் வழி காண வேண்டும். மழைநீர் வடிகாலில் கழுவிவிடுவதைக் காட்டிலும் அதை எரிவாயு ஆக்குவதே முறை. அதற்கான கலன்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, வாயுவைப் பெருக்கும் தூள் என்ற பெயரில், நிக்கல், கோபால்ட் போன்று மிகச் சிறு அளவே தேவைப்படும் உலோகங்களின் உப்புகளும் விலைப்பட்டியலில் இடம்பெறக்கூடும். அவற்றை வாங்குமுன், கலனுக்குள் உண்மையில் எது குறைகிறது என்று அளந்து பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வுலோகங்களின் பயனை நான் மறுக்கவில்லை. சாணத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதியின் நடுவில் நிக்கல் இருக்கிறது. அந்நுண்ணுயிர்களுக்குத் தேவையான பி12 வகைச் சேர்மங்களுக்குக் கோபால்ட் வேண்டும். இரும்பு, மாலிப்டினம், செலினியம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. இவை போதாவிட்டால் கொழுப்பு அமிலங்கள் மீத்தேனாக மாறாமல் தேங்கி, கலன் புளித்து, அடுப்பில் நீலச் சுடர் தளர்ந்துவிடும். ஆயினும் அளவுக்கு மீறிச் சாணம் கரைத்து ஊற்றினாலும், மாட்டுக்குக் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சாணத்தோடு வந்து சேர்ந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றக்கூடும். அதற்குத் தூள் மருந்தாகாது.

சாணத்தில் பொதுவாக இவ்வுலோகங்கள் ஓரளவு இருக்கவே செய்கின்றன. தாது உப்புக் கலவை தின்னும் கறவை மாட்டின் சாணத்தில் கோபால்ட்டும் துத்தநாகமும் செம்பும் கூடுதலாகவே இருக்கும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்த கலனில், இவ்வுலோகங்கள் கரையாத சல்பைடுகளாகப் படிந்து, நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் போகின்றன. ஆகவே ஆய்வறிக்கையில் மொத்த அளவை மட்டும் பார்ப்பது போதாது, கரைந்த நிலையில் உள்ள அளவையும் கேட்டுப் பெற வேண்டும். நாற்றமே முதன்மைக் குறையானால் இரும்பு குளோரைடே மலிவான தொடக்கம்: சல்பைடை இரும்பு பிடித்துக்கொள்வதால் மற்ற உலோகங்கள் தப்புகின்றன, அடுப்பும் எஞ்சினும் அரிப்பிலிருந்து காக்கப்படுகின்றன.

தேவைப்படும் அளவு எவ்வளவு சிறிது என்பதையும் கருத வேண்டுகிறேன். 10,000 லிட்டர் சாணக் கரைசலில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் நிக்கல் சேர்க்க, 1 கிராம் நிக்கல் போதும். மூட்டைக் கணக்கில் விற்கப்படும் தூளில் மீதி என்ன இருக்கிறது? வாயு குழாய் வழியே போனாலும் உலோகம் போவதில்லை. திடப்பொருள் செரித்துக் குறையக் குறைய, உலர் எடையில் அதன் பங்கு ஏறுகிறது. நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் கூடாதென உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது. கலனிலிருந்து வெளியேறும் சாந்தைப் பூங்காவுக்கும் தோட்டத்துக்கும் இடுவதாயின், அதற்கும் அதே சோதனை தேவை. நிக்கல் உப்புகள் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்பதால், தூளைக் கையாளும் ஊழியர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரே சாணம் நிரப்பிய இரண்டு சிறு கலன்களில் ஒன்றில் மட்டும் தூளிட்டு, வாயுவின் கன அளவோடு மீத்தேன் பங்கையும் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். அந்த முடிவு வரும்வரை தூளுக்கென நிதி ஒதுக்க வேண்டாம்; சேர்மானத்தை வெளியிட மறுக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளியையோ, திறந்த அன்றே தள்ளிவிடலாம்.

இங்ஙனம்,
மாதவரம் வாசி ஒருவர்