செட்பேக்கைக் கட்டடம் முடிந்த பிறகும் அளந்து பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அலுவலகக் கட்டடங்களைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தை, அதாவது செட்பேக்கை, குறைத்துத் தர வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. நிலம் விற்கிற விலையில் அப்படிக் கேட்பது புரிகிறது. ஆனால் பழைய மாமல்லபுரம் சாலையில் பல வருடங்களாகக் கட்டடப் பராமரிப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: குறைப்பது பற்றிப் பேசும் முன், விதியில் இருக்கும் இடம் இன்று தரையில் இருக்கிறதா என்று யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்க வேண்டும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் குழப்பம் ஏதும் இல்லை. 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். 30 மீட்டர் உயரம் வரை நாலு பக்கமும் 7 மீட்டர் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மீட்டர். இந்த அளவு சும்மா எழுதி வைத்தது கிடையாது. தீயணைப்பு வண்டி உள்ளே நுழைந்து கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். நம் தீயணைப்புத் துறையிடம் 54 மீட்டர் வரை எட்டும் ஏணி வண்டி இருக்கிறது; அது தன் கால்களைப் பக்கவாட்டில் விரித்து ஊன்றினால்தான் ஏணியைத் தூக்க முடியும். கால் ஊன்ற இடம் இல்லாத கட்டடத்துக்கு அந்த வண்டி வந்தும் பயனில்லை.

சரி, நடப்பது என்ன? வரைபடத்தில் 7 மீட்டர் இருக்கும். பணி நிறைவுச் சான்றிதழ் வாங்குகிற நாளிலும் இருக்கும். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். முதலில் கூடுதலாக ஒரு ஜெனரேட்டர், அதற்கு டீசல் தொட்டி, பிறகு ஏசிக்கான சில்லர். ஆட்கள் பெருகியதும் டூவீலர் நிறுத்தத் தகரக் கூரை. அந்தக் கூரையின் ஓரத்தில் கேன்டீன், அதற்குள் கேஸ் சிலிண்டர். காவலாளி அறை போன்ற சிலவற்றுக்கு விதியே இடம் தருகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. கேஸ் சிலிண்டருக்கும் தகரக் கூரைக்கும் எந்த விதி இடம் தந்தது?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு வளாகத்தில் ஃபயர் டிரில் நடந்தது. எல்லோரும் கூட வேண்டிய இடம் என்று பச்சைப் பலகை வைத்திருந்த இடம் பின்பக்க செட்பேக். அங்கே ஆள் நிற்க முடியாதபடி பைக்குகள் நெருக்கி நின்றன. ஒன்பது மாடியிலிருந்து இறங்கி வந்தவர்கள், கர்ப்பிணிப் பெண்கள் உட்பட, வெளியே சர்வீஸ் ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே போய் நின்றார்கள். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். பைக்குகளை வேறு எங்கே நிறுத்துவது என்று என்னையே கேட்டார்கள்.

2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடம் எரிந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில் பிடித்த தீ அன்று பகலும் இரவும் எரிந்தது, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது, மிச்சத்தைப் பிறகு இடித்தார்கள். அது கடை, இது அலுவலகம் என்று தள்ளிவிட முடியாது. அலுவலகத்தில் பகல் ஷிஃப்டும் உண்டு, ராத்திரி ஷிஃப்டும் உண்டு; எந்த நேரத்தில் தீ பிடித்தாலும் உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

தண்ணீர்ப் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததுதான். மழைநீர் சேகரிப்புக் குழிகள் பெரும்பாலும் இந்தக் காலி இடத்தில்தான் இருக்கின்றன. அதன் மேல் கான்கிரீட் போட்டு டைல்ஸ் பதித்துவிட்டால் மழை அப்படியே ரோட்டுக்கு ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் பழைய மாமல்லபுரம் சாலையில் சில ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதையும் நாம் பார்த்தோம்.

இதற்கிடையே மாடிகள் மட்டும் கூடியிருக்கின்றன. தளப்பரப்புக் குறியீடு என்பது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த அது இப்போது 2. உயரமான கட்டடங்களுக்கு 3.25, சாலை அகலமாக இருந்தால் கட்டணம் கட்டி இன்னும் 50 சதவீதம் வரை வாங்கிக்கொள்ளலாம். அதே மனையில் அத்தனை பேர் கூடுதலாக வந்து உட்காரும்போது கீழே இருக்கிற இடத்தையும் விட்டுத்தர முடியாது. கிண்டி தொழிற்பேட்டை போன்ற பகுதிகளில் மனை சிறியது, நாலு பக்கமும் 7 மீட்டர் விட்டால் மிஞ்சுவது கொஞ்சம் என்பது உண்மைதான். அதற்கு அடுத்தடுத்த மனைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து கட்ட அரசு சலுகை கொடுக்கட்டும்.

நம் ஊரில் விதிமீறலுக்கு வரன்முறை என்று, அதாவது மீறிக் கட்டியதைப் பணம் கட்டிச் சட்டப்படி ஆக்கிக்கொள்ள, ஒரு வழி இருந்துகொண்டே வருகிறது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு. 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு. இன்னொரு தேதியும் வரும் என்ற நம்பிக்கையில்தான் பலர் துணிகிறார்கள். அபராதம் கட்டினால் கோப்பு சரியாகிவிடும், தீயணைப்பு வண்டிக்கு வழி கிடைத்துவிடுமா? இனி எந்த வரன்முறைத் திட்டம் வந்தாலும் உயரமான கட்டடங்களின் செட்பேக்கை அதில் சேர்க்கவே கூடாது.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மூன்றாவது முழுமைத் திட்டத்தை, அதாவது நகர வளர்ச்சிக்கான மாஸ்டர் பிளானை, தயாரித்து வரும் நேரம் இது. என் கோரிக்கை இரண்டு. தீயணைப்பு உரிமத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நாலு பக்கமும் அளந்து, அந்த அளவை இணையதளத்தில் போட வேண்டும். கட்டுமானம் நடக்கும்போது அனுமதி எண்ணோடு வாசலில் வைக்கும் பலகையை, வேலை முடிந்த பிறகும் கழற்றாமல், எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் என்ற வரைபடத்தோடு நிரந்தரமாக வைக்கச் சொல்ல வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்களே தினமும் பார்த்துக் கேள்வி கேட்பார்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
பெருங்குடி, சென்னை.