வடக்குக் குறி எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல விருது வாங்குன கட்டிடங்களுக்குன்னு தனிப் பகுதி போட்டிருந்தீங்க, ஆசையாத்தான் பிரிச்சேன். ஒரு படத்துக்குக் கீழ, இந்த வீட்டுக்கு முதல்ல குடிவந்தது வெளிச்சம்தான்னு ஒரு வரி, அங்கயே மனசு விட்டுப்போச்சு. வெளிச்சம் குடியிருக்கட்டும் சார், மனுசங்க எங்க? அத்தன படத்துலயும் ஒரு ஆள் இல்ல, வாசல்ல ஒரு செருப்பு இல்ல, கொடியில ஒரு துணி இல்ல. சாவி கைமாறுறதுக்கு முன்னாடி, பொழுது சாயுற நேரமா பாத்து எல்லா லைட்டையும் போட்டு எடுத்த படங்க, இது உங்களுக்குத் தெரியாததா?

நான் வேலை பாக்குறதே விருது வாங்குன ஒரு கட்டிடத்துலதான். மேற்குப் பக்கம் முழுக்க கண்ணாடி, பத்திரிகையில வந்தப்போ அதத்தான் ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் போட்டாங்க. மத்தியானம் 3 மணிக்கு மேல ஸ்கிரீன்ல எழுத்தே தெரியாது, கண்ணாடியில சார்ட் பேப்பர் ஒட்டித்தான் நாங்க எல்லாரும் உக்காந்திருக்கோம். அதையும் ஒரு தடவ வந்து படம் எடுங்களேன்.

பிளான்னு ஒன்னு போட்டிருந்தீங்க, ஸ்டாம்ப் சைஸ்ல, ஸ்கேல் இல்ல, வடக்குக் குறியும் இல்ல. வடக்கு எதுன்னே தெரியாம வெளிச்சத்தப் பத்தி வாசகன் என்னத்தப் புரிஞ்சுக்கிறது? கட்டிடத்த நெடுக்கா வெட்டி உள்ள காட்டுற செக்‌ஷன் படம் போடுற வழக்கம் எப்பவோ போச்சு. ஆர்க்கிடெக்ட் பேரு கொட்டை எழுத்துல இருக்கு, ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் பேரோ மேஸ்திரி பேரோ எந்த மூலையிலயும் இல்ல. 1991-ல கட்டிடக்கலையிலயே பெரிய விருதுன்னு சொல்ற பிரிட்ஸ்கர் விருத ஆர்க்கிடெக்ட் ராபர்ட் வென்சுரிக்கு மட்டும் குடுத்துட்டு, கூடவே உழைச்ச டெனிஸ் ஸ்காட் பிரவுன விட்டாங்க, 2013-ல அவ்வளவு பேர் மனு போட்டும் மாத்தல. விருது குடுக்குறவங்கதான் அப்படின்னா நீங்களுமா?

வேற மாதிரி செய்ய முடியாதான்னா, முடியும். கட்டிடங்களுக்குக் குடுக்குற ஆகா கான் விருதுக்கு ஷார்ட்லிஸ்ட் ஆன இடத்துக்கெல்லாம் ஆள் அனுப்பி நேர்ல பாத்துட்டு வரச் சொல்றாங்க, 1995-ல ஆர்க்கிடெக்ட் தோஷியோட இந்தூர் ஆரண்யா குடியிருப்பு அப்படித்தான் ஜெயிச்சுது. ஆர்க்கிடெக்ட் அரவேனா டீம் சிலியில பாதி வீடு மட்டும் கட்டிக் குடுத்தாங்களே கின்டா மோன்ராய் குடியிருப்பு, அது பெரும்பாலும் ஜோடிப் படமாத்தான் அச்சாகும், கட்டி முடிச்சப்போ ஒன்னு, ஜனங்க மீதிய அவங்களே கட்டிக்கிட்ட பிறகு ஒன்னு. ரெண்டாவதுல ஒரு வீடு மாதிரி இன்னொன்னு இல்ல, பெயிண்ட்டு, ஜன்னல் எல்லாம் அவங்கவங்க இஷ்டம். அந்தப் படத்தப் பாத்துத்தான் எனக்கு இந்தத் துறை மேலயே மரியாதை வந்துச்சு.

பெருசா ஒன்னும் கேக்கல. அடுத்த தடவ பிளான அரைப் பக்கத்துக்காவது போடுங்க, வடக்குக் குறியோட. படம் எடுத்த மாசம், வருசத்த ஓரத்துல சின்ன எழுத்துல போட்டாக்கூடப் போதும்.

இப்படிக்கு,
உங்க பழைய சந்தாதாரர்