திருவல்லிக்கேணியில் கிடைத்த என் அகராதி

ஆசிரியருக்கு,

பழைய புத்தகக் கடைகள் பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன, 1985-இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, அங்கேதான் அப்பா எனக்கு ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி வாங்கித் தந்தார். கல்லூரி முதல் வருடத்திலேயே அதைப் பேருந்தில் தொலைத்துவிட்டேன். வீட்டில் விழுந்த திட்டு தனிக்கதை.

போன மாதம், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பேத்திக்காகப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். முதுகு கிழிந்த ஓர் அகராதியைச் சும்மா புரட்டினால், உள் அட்டையில் என் பெயர்! பக்கத்தில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், 'ரூ.9'. கீழே வேறு இரண்டு பெயர்கள், வேறு வேறு மையில். 'எஸ்' தொடங்கும் பக்கத்தில் நான் கொட்டிய மைக்கறைகூட அப்படியே இருந்தது.

கடைக்காரர் முதலில் எண்பது ரூபாய் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். அட்டையை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ நூறு குடுங்க சார், உங்களுக்குத்தான் இதோட மதிப்பு தெரியும்" என்றார். சரி, அதுவும் நியாயம்தானே! கொடுத்துவிட்டேன்.

இடையில் வைத்திருந்த அந்த இருவரில் யாராவது இதைப் படித்தால், புத்தகம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பெயர்களை நான் அடிக்கவில்லை.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை