ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்க உரிமம் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பெரம்பூரில் எங்கள் தெருவில் ஒரு பழைய கிடங்கின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்தார்கள். நாற்பது ஷீட்டாவது இருக்கும். மேலே நின்ற இரண்டு பையன்கள் ஷீட்டைக் கூரைச் சட்டத்தோடு பிடித்திருந்த துருப்பிடித்த ஜே போல்ட்டைக் கழற்ற முடியாமல் சுத்தியலால் ஷீட்டையே உடைத்து உடைத்துக் கீழே தள்ள, கீழே இருந்தவர்கள் வெறுங்கையால் அள்ளிக் குட்டி யானையில் போட்டார்கள். மூக்கை மூடியது தோளில் கிடந்த துண்டு, அவ்வளவுதான். பக்கத்து மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அந்தப் புழுதிக்குள்ளேயே நடந்து போனார்கள். கான்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னேன். "வெறும் சிமெண்ட் ஷீட்டுதான் சார், இருபது வருஷமா பண்றோம், ஒண்ணும் ஆகலை" என்றார்.

இருபது வருஷம் என்று அவர் சொன்னது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரின் இழை நுரையீரலுக்குள் போய் நோயாக வெளியே தெரிய இருபது முதல் நாற்பது வருஷம் வரை ஆகும். ஷீட் உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளை போடும்போதும்தான் கண்ணுக்கே தெரியாத இழைகள் காற்றில் கிளம்புகின்றன. நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், மூச்சை இறுக்கும் ஆஸ்பெஸ்டோசிஸ் எல்லாம் இதிலிருந்து வருபவை. வெள்ளை, நீலம், பழுப்பு என எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் கூரைகளில் இருப்பது வெள்ளை.

நான் இதைப் படித்துவிட்டு மட்டும் எழுதவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஆறு வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலைதான் பார்த்தேன், கண்காணிப்பாளர் பயிற்சியும் அங்கேதான் முடித்தேன். முதல் நாள் சைட்டுக்குப் போனபோது சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நிறுத்தினார். மூன்று நாள் தாடி இருந்தது. தாடி இருந்தால் முகக்கவசம் தோலோடு ஒட்டாது, இடுக்கு வழியாகத் தூசி உள்ளே போய்விடும், வழித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பத்து சதுர மீட்டருக்கு மேல் ஷீட் அகற்ற உரிமம் வேண்டும். நம்ம ஊர் பத்தடி ஷீட் நான்கு வந்தாலே அந்த அளவு தாண்டிவிடும். கையால் நசுக்கினாலே பொடியாக உதிரும் நிலையில் உள்ள கல்நார் என்றால் அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைவிடக் கடுமையான உரிமம், வேலை நடக்கும் நேரமெல்லாம் சூப்பர்வைசர் அங்கேயே நிற்க வேண்டும். சூப்பர்வைசராக ஷீட் வேலைக்கு ஒரு வருஷ அனுபவம், உதிரும் வகைக்கு மூன்று வருஷம். வேலை தொடங்க ஐந்து நாள் முன்பே அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் கல்நாரையே தடை செய்துவிட்டது, இருந்தும் பழைய கட்டடங்களுக்காக இவ்வளவு கட்டுப்பாடு.

சூப்பர்வைசர் செய்வது பெரிய வித்தை இல்லை. முதலில் இடத்தைக் கயிறு கட்டி மறிப்பார், எச்சரிக்கைப் பலகை வைப்பார். கூரையில் நடக்கப் பலகை போடச் சொல்வார், ஏனென்றால் பழைய ஷீட்டில் நேராகக் கால் வைத்தால் அதோடு சேர்ந்து கீழே விழ வேண்டியதுதான். ஷீட்டை மெல்லத் தெளித்து நனைக்கச் சொல்வார். போல்ட்டைத்தான் வெட்ட வேண்டும், ஷீட்டை அல்ல. ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கீழே இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டி, மேலே கல்நார் என்று எழுத வேண்டும். வேலை முடிந்ததும் மேலங்கியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் வெளியே வர முடியும். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் அதைத் துவைக்கிற மனைவிக்கும் நோய் வரும், அப்படி வந்தும் இருக்கிறது.

இங்கே வீட்டுக்குக் கரண்ட் வேலை பார்க்க உரிமம் பெற்ற ஆள் வேண்டும் என்கிறோம், சரி. கல்நார் கூரையைப் பிரிப்பவருக்கு மட்டும் எந்த உரிமமும் இல்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. அது ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு. கூரை பிரிக்கிற தினக்கூலிக்குப் பெயர்ப் பதிவே கிடையாது, அப்புறம் எங்கே உடல்நலப் பதிவு?

உடைந்த ஷீட் போகும் இடமும் கவலைதான். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மாநகராட்சிக்குக் கட்டட இடிபாடுகளை அரைத்து மறுபயன்பாட்டுக்கு மாற்றும் நிலையங்கள் இருக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் அந்தக் குவியலில் ஆஸ்பெஸ்டாஸ் துண்டு கலந்தால் அதுவும் சேர்ந்து அரைபடும். அபாயகரமான கழிவைப் புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் தனி இடம் இருக்கிறது. மொட்டை மாடியில் நாலு ஷீட் வைத்திருப்பவர் அதை அங்கே எப்படிக் கொண்டு சேர்ப்பார்? வார்டுக்கு ஒரு நாள் வண்டி அனுப்பி வாங்கிக்கொள்ளலாமே.

மாநகராட்சியும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. இடிப்பு அனுமதி விண்ணப்பத்தில் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா, பிரிப்பதை மேற்பார்வை பார்ப்பவர் யார் என்று இரண்டு வரி சேர்க்கட்டும். அரசு ஐ.டி.ஐ.களில் சில நாள் பயிற்சி வைத்து, தேறியவர்களுக்கு உரிமம் தரட்டும். பாடம் நடத்த ஆள் வேண்டும் என்றால் சம்பளம் இல்லாமல் வரத் தயார்.

எங்கள் தெருவில் வண்டியில் ஏறாமல் மிச்சமான துண்டுகள் இன்னும் மின்கம்பத்தின் கீழே குவிந்து கிடக்கின்றன. மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு இரண்டு முறை போன் செய்து சொல்லிவிட்டேன். இன்று காலை அந்தக் குவியல்மேல் ஒருவர் பைக்கை ஏற்றி நிறுத்திவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகர்,
சென்னை